சீசன் இல்லாத ஊரில் ஒரு சத்தியம்

உல்லாசப் பயணிகள் எவரும் எட்டிப் பார்க்காத காலம் பார்த்து உல்லாசப் பயணியாகப் போனவன் நெளுக்குளத்தில் ஒருவன்தான். மாயாண்டியின் மகன் விஜிதரன். போன இடம் கரீபியன் கடலில் குவாதலூப் என்றொரு தீவு, அதில் புவாந்தாப்பீத் என்ற துறைமுகப் பட்டினம். அந்தப் பெயரை நெளுக்குளத்தில் அவனைத் தவிர ஒருவருக்கும் சொல்ல வராது. போன வேகத்தில் பிடித்து அனுப்பப்பட்டுத் திரும்பி வந்தவனுக்குச் சந்தியில் நிற்கும் இளந்தாரிகள் 'ரூரிஸ்ட்' என்று பட்டம் வைத்துவிட்டார்கள். "ரூரிஸ்ட், இண்டைக்கு எந்த பீச்சுக்கு?" என்று கேட்பார்கள். அவனும் மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி, "மயில்வாகனம் ஐயாவின்ர வயலுக்கு" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவான்.

அவன் சிரித்ததற்குக் காரணம் இருந்தது. அந்த ஊரில் எதையோ தொலைத்துவிட்டு வந்ததாக அவன் நினைக்கவில்லை. தங்கச்சி ராஜினியின் வாழ்க்கையை ஓரிடத்தில் பத்திரமாக வைத்துவிட்டு வந்ததாகத்தான் மூன்று வருசமாக நினைத்துக்கொண்டிருந்தான். அப்படி நினைத்தவனை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்பத் தகுந்த ஒன்றைத்தான் அவன் நம்பினான்.

மாயாண்டி குடும்பம் எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டை விட்டு, போட்ட உடுப்போடு வவுனியா நெளுக்குளத்துக்கு ஓடி வந்தது. மயில்வாகனம் குடும்பம் அதற்கு முன்னமே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, குளத்துக்குக் கீழே வயற்காணி எடுத்துக் கல்வீடு கட்டியிருந்தது. மாயாண்டி அவர்களுடைய வயலில் வேலை செய்தார், பக்கத்திலேயே காடு வெட்டி ஒரு மேட்டுக்காணியும் பிடித்தார். அந்தக் காணி மூலையில் ஒரு வேப்பமரத்தின் கீழ் கல்லொன்றை நட்டு, ஊரிலிருந்து கூடவே வந்த மாரியம்மன் இதுதான் என்றார். மாயாண்டி செத்த பிறகும் ஆடி மாதம் கடைசி வெள்ளியில் அங்கே பொங்கல் நடந்தது. மறுநாள் கிடாய் வெட்டுவார்கள்.

பொங்கலில் முதல் பங்கு மயில்வாகனம் வீட்டுக்கு. அது மாயாண்டியின் மனைவி வீரம்மாவின் சட்டம். மூடி போட்ட தூக்குச்சட்டியில் சுடச்சுடக் கொண்டுபோவாள். மயில்வாகனத்தின் மனைவி கமலாசனி குசினி வாசலில் நின்று இரண்டு கையாலும் வாங்குவாள். சட்டி பின்னேரம் கழுவித் துடைத்து, உள்ளே ஒரு பிடி சீனியோடு திரும்பி வரும். ஒரு வருசமும் வெறுஞ்சட்டி வந்ததில்லை. "அவுங்களுக்குப் பெரிய மனசு" என்று வீரம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிவாள்.

இந்த இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒன்றாக வளர்ந்தார்கள். மயில்வாகனத்தின் மகன் யோகலிங்கமும் விஜிதரனும் ஒரே வகுப்பு, ஒரே சைக்கிள். பிறகு யோகலிங்கத்துக்கும் ராஜினிக்கும் இடையில் ஒரு விருப்பம் வந்தது. முதலில் விஜிதரன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், பிறகு சரி என்றுவிட்டான். மயில்வாகனம் வீட்டில் அது தெரியாததுபோல் இருந்தார்கள். தெரியாததுபோல் இருக்கிறவர்கள் பொல்லாதவர்கள் என்று அந்த வயதில் விஜிதரனுக்குத் தெரியாது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு வவுனியாவில் இளந்தாரியாக இருப்பதே குற்றம் மாதிரி. ஆமி தரும் பாஸ் இல்லாமல் அசைய முடியாது, சுற்றிவளைப்பில் பிடித்தால் எப்போது விடுவார்கள் என்று தெரியாது. மயில்வாகனம் மகனை வெளியே அனுப்பத் தீர்மானித்தார். மகனோ, "விஜி இல்லாமல் நான் போகன்" என்று ஒற்றைக்காலில் நின்றான். அது பொய்யல்ல, அன்றைக்கு அவன் அப்படித்தான் இருந்தான். வீரம்மா மேட்டுக்காணியில் வேப்பமரம் நின்ற மூலையை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விற்று மகனை அனுப்பினாள்.

மொஸ்கோ, பிறகு கியூபா, பிறகு பெயர் மறந்துபோன ஒரு சின்னத் தீவு, அங்கிருந்து மீன்பிடி வள்ளம். ஆடி நடுப்பகுதியில் புவாந்தாப்பீத்தில் இறங்கினார்கள். அங்கே காத்திருந்த ஏஜென்சிக்காரன் யாழ்ப்பாணத்தான், தங்கச் சங்கிலியும் தொப்பையுமாக இருந்தான்.

"இதுவும் பிரான்ஸ்தான் தம்பிமார். கடல் மட்டும் வேற. இஞ்சயிருந்து பாரிசுக்குப் போறது வவுனியாவிலயிருந்து கண்டிக்குப் போற மாதிரி. பாஸ்போட் வருமட்டும் ரூரிஸ்ட் மாதிரித் திரியுங்கோ. ஒருத்தனும் கேக்கமாட்டான்."

இரண்டு பேருக்கும் பூப்போட்ட சேட்டும் அரைக் காற்சட்டையும் ஓலைத் தொப்பியும் கொடுத்தான். தோளில் மாட்டிக்கொள்ள ஒரு கமராவும் கொடுத்தான். உள்ளே பிலிம் இல்லை.

ஏஜென்சிக்காரன் சொல்லாமல் விட்ட விசயம் ஒன்று இருந்தது. அந்த ஊருக்கு உல்லாசப் பயணிகள் வருவது மார்கழியில், தை மாசியில். ஐரோப்பாவில் பனி கொட்டும்போது வெயிலுக்காக வருவார்கள். ஆடி ஆவணியில் வெயில் ஊரையே சுட்டுப் பொசுக்கும், கூடவே மழை, எப்போது புயல் வரும் என்ற பயம். அந்தக் காலத்தில் ஒரு வெள்ளைக்காரனும் வரமாட்டான். அதனால்தான் ஹோட்டல் அறை அரைவிலைக்குக் கிடைத்தது. அத்தனை பெரிய பட்டினத்தில் ரூரிஸ்ட் வேசத்தோடு திரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். கோயில் திருவிழா முடிந்து கொடியும் இறக்கிய பிறகு காவடியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

ஹோட்டல் கடற்கரையோரம், மஞ்சள் பூச்சு உரிந்த மாடிக் கட்டடம். சாப்பாட்டு மண்டபத்தில் கதிரைகளைக் கவிழ்த்து மேசைகளுக்கு மேல் ஏற்றி வைத்திருந்தார்கள். நீச்சல் குளத்தில் மழைத்தண்ணீர் பச்சையாகத் தேங்கித் தவளை கத்தியது. வெளியே போனால் பாதிக் கடைகள் பூட்டு. மத்தியானத்தில் துறைமுகத்தடி மைதானத்துப் பெரிய மரங்களின் கீழ் நாய்கள்கூட எழும்பாது. நெளுக்குளத்து வெயிலில் உழுதவனுக்கு வெயில் புதிதல்ல. ஆனால் நெளுக்குளத்தில் சோளகக் காற்று வீசும், வியர்வை நின்ற இடத்திலேயே காய்ந்துபோகும். இங்கே காற்று செத்துக் கிடந்தது. சேட்டைக் கழற்றிப் பிழிந்தால் தண்ணீர் வடியும். மாலையானால் கடற்பக்கம் கறுத்து வரும், மழை கொட்டும், விட்டதும் தரையிலிருந்து ஆவி எழும்பி முகத்தில் அடிக்கும்.

ஹோட்டலைப் பார்த்துக்கொண்டவள் மதாம் மினாச்சி என்று ஒரு விதவை. ஐம்பது தாண்டிய கறுத்த மனுசி. சிரிக்கும்போது வீரம்மாவின் சாயல். முதல்நாள் மத்தியானம் அவள் அறைக்கதவைத் தட்டி, "கொலொம்போ, கொலொம்போ" என்று கையைக் காட்டிக் கூப்பிட்டாள். பிடித்துக் கொழும்புக்கு அனுப்பத்தான் வந்துவிட்டார்கள் என்று யோகலிங்கம் கட்டிலுக்குக் கீழே பையைத் தேடினான். கீழே போய்ப் பார்த்தால் மேசையில் ஆட்டிறைச்சிக் கறியும் சோறும். அந்த ஊரில் கறிக்கே கொலொம்போ என்றுதான் பெயராம். மல்லியும் மஞ்சளும் சீரகமும் அரைத்துப் போட்ட அசல் கறி. விஜிதரன் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டான்.

யோகலிங்கத்துக்கு இங்கிலீஸ் வரும், மதாமுக்கும் வெள்ளைக்காரரோடு பழகிக் கொஞ்சம் வரும். அவன்தான் மொழிபெயர்த்தான். அவளுடைய பூட்டன் காரைக்கால் பக்கத்திலிருந்து கரும்பு வெட்டக் கப்பலில் கொண்டுவரப்பட்டவராம். விஜிதரன் கதிரையை இழுத்துப் போட்டு அவளுக்குக் கிட்ட உட்கார்ந்தான். "எங்கட பூட்டனை தேயிலைக்கெண்டு கொண்டு வந்தவங்கள் எண்டு சொல்லு மச்சான்" என்றான். யோகலிங்கம் அதைச் சொன்னானா, சுருக்கிச் சொன்னானா என்பது தெரியாது. ஆனால் மதாம் எழும்பி வந்து விஜிதரனின் கன்னத்தைத் தடவினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பழைய காரில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே போனாள். கரும்புத் தோட்டத்துக்கு நடுவே, சிவப்பும் மஞ்சளும் பச்சையும் அப்பிய சின்னக் கோயில். வாசலில் கொடிமரம். உள்ளே மாரியம்மன். மாலியெமேன் என்றார்கள். வெளியே தப்பு அடித்தார்கள், கிடாய்க்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள், அது உடம்பைச் சிலுப்பியது. பூசாரி பாடத் தொடங்கினார். தமிழ்தான். தேய்ந்து, முனை மழுங்கி, பாடுகிறவருக்கே பொருள் தெரியாத தமிழ். ஆனால் மெட்டு வீரம்மா வேப்பமரத்தடியில் பாடும் தாலாட்டின் மெட்டு. பூசாரி விட்ட இடத்தில் அவன் எடுத்துப் பாடினான். கூட்டம் திரும்பிப் பார்த்தது. கிழவிகள் வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். லயத்தில் பிறந்து, நெளுக்குளத்தில் 'வந்தான் வரத்தான்' என்று பேர் வாங்கியவனுக்கு முதல்முறையாக ஓர் ஊர் முழுக்கச் சொந்தம் என்று தோன்றியது. தோன்றினால் என்ன பிழை?

கிடாய் வெட்டி முடிந்த பிறகும் யோகலிங்கம் காருக்குப் பக்கத்தில் மர நிழலிலேயே நின்றான். "மச்ச மணம் தலையை இடிக்குது" என்றான். விஜிதரன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வெயிலில் எல்லோருக்கும்தான் தலை இடித்தது.

ஆவணியில் ஏஜென்சிக்காரன் வந்தான். ஒரு பாஸ்போட்தான் சரிவந்திருக்கிறது, படத்தை மாற்றி ஒட்டினால் ஆளைக் கொண்டுபோகலாம், முறைப்படி முதல் பேர் விஜிதரன் என்றான். மற்றதற்கு இன்னும் ஒரு மாதம் ஆகலாம், ஆகாமலும் போகலாம்.

அன்று பின்னேரம் காற்றே இல்லை. மதாம் புயலுக்குப் பயந்து யன்னல்களுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தாள். பாசி பிடித்த நீச்சல் குளப் படியில் யோகலிங்கம் வந்து பக்கத்தில் இருந்தான். பிறகு அழுதான்.

"விஜி, நீ போனால் அங்க வேலை செய்வாய், அம்மாவுக்கு அனுப்புவாய். ஆனால் தங்கச்சியைக் கூப்பிட உனக்கு ஏலாது. நான் போனால் விசா எடுத்து ராஜினியை மனுசி எண்டு கூப்பிடலாம். பிந்தினால் வீட்டில வேற இடம் பாத்திடுவினம். உனக்கு அவையளைத் தெரியும்தானே."

விஜிதரன் யோசித்தான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதைவிட, ராஜினியின் முகம் இருந்தது.

"சரி. என்ர முறையை நீ எடு. ஆனா நாளைக்குக் கோயிலுக்கு வா. அம்மனுக்கு முன்னால கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணு."

"என்னை நம்பமாட்டியே?"

"உன்னை நம்புறன். அம்மாவுக்குச் சொல்ல ஒண்டு வேணும். எங்கட ஆக்களுக்கு அதுக்கு மேல ஒண்டும் இல்லை."

மாயாண்டி உயிரோடு இருந்தபோது லயத்து ஆட்களின் வழக்கெல்லாம் அந்த வேப்பமரத்தடியில்தான் தீரும். கற்பூரத்தைக் கொளுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைத்துவிட்டால் பிறகு ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். பொய்ச் சத்தியம் பண்ணியவன் கை விளங்காமல் போகும் என்று நம்பிக்கை. யோகலிங்கம் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவன்.

மறுநாள் அவன் ஒன்றிலும் குறை வைக்கவில்லை. செருப்பைக் கழற்றினான், காலைக் கழுவினான். மாலியெமேனுக்கு முன்னால் வெற்றிலையில் எரிந்த கற்பூரத்தைப் பார்த்து, "விஜிதரன்ர தங்கச்சி ராஜினியை விட்டு நான் வேற ஒருத்தியைக் கட்டமாட்டன், அவளைக் கூப்பிடுவன்" என்று உரத்துச் சொன்னான். கையை ஓங்கி அடித்து அணைத்தான். பூசாரி திருநீறு பூசிவிட்டார். மதாம் என்ன நடக்கிறது என்று விளங்காமலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோயில் வாசலைத் தாண்டியதும் யோகலிங்கம் கைலேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தான். "வெளியில பொலிசு பாத்தால் பிழை" என்றான். சரியான புத்திசாலி என்று விஜிதரன் தன் நெற்றியையும் துடைத்துக்கொண்டான்.

யோகலிங்கம் போய்ச் சேர்ந்த செய்தி வந்தது. விஜிதரன் துறைமுகத்தடி மரங்களுக்குக் கீழே பூச்சேட்டோடு காத்திருந்தான். ஒரு பகல் பொலிஸ்காரன் ஒருவன் சிரித்துக்கொண்டே வந்தான். ஊரில் ஒரேயொரு ரூரிஸ்ட் நின்றால் யாருக்குத்தான் கண்ணில் படாது? கமராவைக் காட்டித் தன்னை ஒரு படம் எடுக்கச் சொன்னான். விஜிதரன் எடுத்தான். அவன் கமராவை வாங்கிப் பின்பக்கத்தைத் திறந்து பார்த்தான். பிறகு சிரிக்கவில்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறக்கிவிட்டார்கள். விசாரணை, மறியல் சிறை, பிறகு வவுனியா. வீட்டு வாசலில் அவனைக் கண்டு வீரம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "இருந்த காணியும் போச்சேப்பா." அவன் அவளைக் கதிரையில் இருத்தி, ராஜினியைக் கூப்பிட்டு, கரும்புத் தோட்டத்துக் கோயிலைப் பற்றிச் சொன்னான். அங்கேயும் அம்மன் இருக்கிறாள், உன்னுடைய தாலாட்டைப் பாடுகிறார்கள், அங்கே வைத்து யோகன் கற்பூரம் அணைத்தான் என்றான். வீரம்மாவின் அழுகை நின்றது. எழும்பிப் போய் வேப்பமரத்தடியில் விழுந்து கும்பிட்டாள்.

தொடக்கத்தில் யோகலிங்கம் மாதா மாதம் வவுனியாக் கொமினிக்கேசன் கடைக்கு ரெலிபோன் எடுப்பான். ராஜினி சைக்கிளில் போய், வரிசையில் நின்று கதைத்துவிட்டு வருவாள். வரும்போது முகம் மலர்ந்திருக்கும். பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு தீபாவளிக்கு மட்டும் என்று ஆனது. விசுவமடுவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த முத்துலிங்கம் என்ற மேசன் நேரே வீட்டுக்கு வந்து ராஜினியைக் கேட்டான். நல்ல உழைப்பாளி, அடக்கமானவன். ராஜினி அண்ணனைப் பார்த்து, "என்ன சொல்லுறது அண்ணா? எனக்கெண்டால் அவர் மாறிப்போனார் எண்டுதான் படுகுது" என்றாள்.

"விசர்க்கதை கதையாதை. அம்மனுக்கு முன்னால அணைச்சவன். நான் பாத்தனான்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. முத்துலிங்கம் செட்டிகுளத்தில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டு போனான்.

தொண்ணூற்றொன்பதில் மயில்வாகனமும் கமலாசனியும் இந்தியாவுக்குப் புறப்பட்டார்கள். ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம், அப்படியே இரண்டு மூன்று கோயில் என்றாள் கமலாசனி. வீட்டுத் திறப்பையும் பசுவையும் விஜிதரனிடம் ஒப்படைத்தாள். "உன்னை விட்டால் ஆரைத் தம்பி நம்புறது?"

அவர்கள் இல்லாதபோதுதான் ஆடி கடைசி வெள்ளி வந்தது. வீரம்மா வழக்கம்போலத் தூக்குச்சட்டியை நிரப்பினாள். "ஆள் இல்லேன்னா என்னப்பா? வாசல்ல வச்சு எடுத்துட்டு வா. வழக்கத்த விடக் கூடாது."

விஜிதரன் கேற்றைத் திறந்து, குசினி வாசலுக்குப் போய், சட்டியை வைத்து மூடியைத் திறந்தான். மூடிச் சத்தம் கேட்டதும் வளவுக்குள் மேய்ந்துகொண்டிருந்த கிழட்டுப் பசு தலையைத் தூக்கியது. நேரே குசினி வாசலுக்கு நடந்து வந்தது. படிக்குப் பக்கத்திலிருந்த கல்தொட்டிக்கு முன்னால் போய் நின்று, சட்டியைப் பார்த்துக் குரல் கொடுத்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. தொட்டியில் இரண்டு அகப்பை போட்டான், நக்கித் தீர்த்தது. வீட்டுக்கு வந்து, "அம்மா, அவையளின்ர மாட்டுக்குக்கூட எங்கட பொங்கல் வாசம் தெரியுது" என்றான். வீரம்மாவுக்குச் சந்தோசம் பிடிபடவில்லை.

புரட்டாதியில் அவர்கள் திரும்பி வந்தார்கள். திறப்பைக் கொடுக்க விஜிதரன் போனபோது மண்டபம் நிறைய ஆட்கள், நடுவில் டீவியில் ஒரு வீடியோக் கசட் ஓடியது. பட்டு வேட்டி, தலைப்பாகை, மாலை. யோகலிங்கம். பக்கத்தில் யாரோ ஒரு பெண், கழுத்து நிறைய நகை. மேளம் கொட்ட அவன் தாலி கட்டினான். மயில்வாகனம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"திருச்சியில திடீரெண்டு சரிவந்திட்டுது தம்பி. பொம்பிளை எங்கட ஊர்ப் பக்கம்தான், லண்டனில இருக்கிறா. ஒருத்தருக்கும் சொல்ல நேரமில்லாமல் போச்சு" என்றாள் கமலாசனி. "நில்லு, பலகாரம் தாறன். தங்கச்சிக்கும் குடு."

அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்ல அவளுக்கு எப்படி வாய் வந்தது? விஜிதரன் பலகாரப் பையை வாங்காமல் வெளியே வந்து சைக்கிளை எடுத்தான். நேரே வவுனியாக் கொமினிக்கேசன். நம்பர் அவனுக்கு மனப்பாடம்.

"யோகன்."

"ஆர், விஜியே?"

"கசட் பாத்தனான்."

"அம்மா மருந்து குடிக்கப் போறன் எண்டு நிண்டா மச்சான். நான் என்ன செய்யிறது?"

"நீ சத்தியம் பண்ணினனீ. ராஜினிக்கு வந்த இடத்தை நான் அதைச் சொல்லித்தான் நிப்பாட்டினனான். என்ர முறையை அதுக்குத்தான் உனக்குத் தந்தனான்."

"நீ இன்னும் அதையே பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்." யோகலிங்கத்தின் குரலில் கோபம்கூட இல்லை. சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னான். "அது கோயிலே விஜி? கரும்புக்குள்ள ஒரு கொட்டில். ஆட்டை வெட்டி இரத்தம். பூசாரிக்கே தான் என்ன பாடுறனெண்டு தெரியாது. நீ கேட்டாய், உன்ர மனம் நோகக்கூடாதெண்டு செய்தன். நல்லூர்க் கந்தனுக்கு முன்னால நிண்டு சத்தியம் பண்ணியிருந்தால் நான் மாறியிருப்பனோ, சொல்லு?"

விஜிதரன் ரிசீவரை வைத்தான். வேறு பெண்ணைக் கட்டியதைக்கூட மன்னிக்க ஒரு வழி தேடியிருப்பான். தாய் மிரட்டினாள், பயந்தான், பலவீனன் என்று எதையாவது சொல்லித் தன்னைத் தேற்றியிருப்பான். இதற்கு வழியில்லை. யோகலிங்கம் சத்தியத்தை மீறவே இல்லை. கையை ஓங்கி அணைத்த அந்த நேரத்திலேயே அது சத்தியம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. கைலேஞ்சியால் நெற்றியைத் துடைத்தது பொலிசுக்குப் பயந்து இல்லை.

சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவன் மயில்வாகனம் வீட்டு வேலியடியில் நின்றான். பசு அவனைக் கண்டு வேலிக்கு வந்து, கையை மணந்து பார்த்தது. கமலாசனி குசினி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பாத்தியே தம்பி, உன்னையே தேடிக்கொண்டு நிக்குது."

அவன் அவளுக்குப் பின்னால் தெரிந்த கல்தொட்டியைப் பார்த்தான். மூடிச் சத்தம் கேட்டதும் மாடு நடந்து வந்த நடை நினைவுக்கு வந்தது. ஒருநாள் ருசி கண்ட மாட்டின் நடை இல்லை அது. பல வருசம் பழகிய நடை.

"அம்மா, ஒண்டு கேக்கட்டே? எங்கட அம்மன்ர பொங்கல் உங்களுக்குப் பிடிக்குமோ?"

"இதென்ன கேள்வி? வருசா வருசம் ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுறனாங்கள்" என்றாள் கமலாசனி.

வீட்டில் ராஜினி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒன்றையும் மறைக்கவில்லை. கசட், ரெலிபோன், கல்தொட்டி எல்லாவற்றையும் சொன்னான். முத்துலிங்கத்தைத் தான் திருப்பி அனுப்பியதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அவள் கையிலிருந்த உடுப்பைப் பிழிந்தாள், உதறினாள், கொடியில் போட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

உள்ளேயிருந்து வீரம்மாவின் குரல் வந்தது. அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

"ஏப்பா, அந்தம்மா வந்துட்டாங்களாமே. இந்த வருசம் அவுங்களுக்குப் பொங்கல் கெடைக்காமப் போச்சு. வார ஆடிக்கு ரெண்டு சட்டியாக் குடுத்துடணும்."

ராஜினி கையைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். சுவர்த்தட்டிலிருந்து அந்தத் தூக்குச்சட்டியை எடுத்து அடுப்பு மூலையில் தவிட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இனி வேண்டாம் அம்மா. அவையளின்ர மாட்டுக்கு வயசு போச்சு, செமிக்காது."

வீரம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மகளைப் பார்த்தாள், பிறகு வாசலில் நின்ற மகனைப் பார்த்தாள். அவன் கற்பூரம் அணைக்காத தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.